வீட்டிலேயே பெத்துக்கலாமா?



கடந்த ஆடி மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் விண்ணப்பம் படிக்கிற நேரம். ஆடு வாங்க ஒருவர், பள்ளிக் கட்டணத்துக்கு ஒருவர், அடகு நகையை மீட்க ஒருவர் என்று வழக்கமான காரணங்கள்தான். கடைசியாக ஒரு உறுப்பினர் ரூ.12,000 கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'மருமகள் பிரசவச் செலவு' என்று எழுதியிருந்தது.

ஊக்குநர் கேட்டார். "ஏங்க்கா, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரசவம் இலவசம்தானே? எதுக்குப் பன்னெண்டாயிரம்?"

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "பையனும் மருமகளும் வீட்லயே பெத்துக்கப் போறாங்களாம். மொபைல்ல ஏதோ கிளாஸ் நடக்குதாம், அதுக்கு ஏழாயிரம். மிச்சத்துக்குக் காத்தடிக்கிற ரப்பர் தொட்டி வாங்கணுமாம். அதுல வெந்நீர் ஊத்தி உள்ள உட்கார்ந்து பெத்தா வலி தெரியாதாம்."

கூட்டத்தில் ஒரே சத்தம். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "போலீஸ்ல சொன்னாத்தான் அடங்குவாங்க" என்றார். வயதான உறுப்பினர் ஒருவரோ, "எதுக்கு இந்தக் கூப்பாடு? நாங்கல்லாம் எங்க பெத்தோம்? வீட்லதானே?" என்றார். அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் இது பிடிக்கவில்லை. மகன் பேச்சைத் தட்டவும் முடியவில்லை. கடைசியில் கடனை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, அந்தத் தம்பதியிடம் எங்களைப் பேசச் சொல்லித் தீர்மானம் எழுதினார்கள்.

நாங்கள் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனோம். அதன் பிறகு வேறு இரண்டு குழுக்களிலும் இதே கேள்வி வந்துவிட்டது. அதனால் அங்கே பேசியதை எல்லோருக்குமாக இந்த இதழில் எழுதுகிறோம்.

அவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள்?

முதல் முறை போனபோது புத்தி சொல்லக் கூடாது, கேட்டுவிட்டு வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனோம். (எங்களுக்கு அது லேசில் வராது என்பது உங்களுக்கே தெரியும்!)

அந்தப் பெண்ணுக்கு 22 வயது. தலைப்பிரசவம். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். அந்தப் பெண் பேச ஆரம்பித்ததே தன் அக்காவின் பிரசவத்தைப் பற்றித்தான். "அக்காவை டேபிள்ல மல்லாக்கப் படுக்க வச்சு அசையவே விடலைங்க. வலில கத்தினதுக்கு, 'அப்ப சுகமா இருந்துச்சுல்ல, இப்பக் கத்து'ன்னு திட்டினாங்களாம். வயித்து மேல ஏறி அமுக்கினாங்களாம். எங்கம்மாவ உள்ளயே விடல. கீழ கிழிச்சு ஏழு தையல். ஒரு மாசம் அவளால ஒழுங்கா உட்கார முடியல."

பையன் சொன்னார். "சுகப்பிரசவம்னு போனா ஆபரேஷன்னு முடிக்கறாங்க மேடம். எங்க லைன்ல அஞ்சு வீட்ல நாலு வீட்டுக் குழந்தை ஆபரேஷன் குழந்தைதான்."

இதைப் பொய் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இத்தனை பேருக்கும் வயிற்றைக் கீறித்தான் ஆக வேண்டுமா என்று டாக்டர்களே கேட்கிறார்கள். திட்டு வாங்கிய கதை நம் குழுக்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது! நமக்கு நடந்ததை 'பிள்ளைப் பேறுன்னா அப்படித்தான்' என்று விழுங்கிவிட்டோம். இந்தக் காலத்துப் பெண்கள் விழுங்க மாட்டேன் என்கிறார்கள். அதில் தப்பு இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம்.

அந்தப் பெண்ணிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "உனக்குப் பிரசவத்துல என்னென்ன வேணும், எழும்மா" என்றோம். அவர் எழுதியது இதுதான்: கூடவே நம்ம ஆள் ஒருவர் இருக்க வேண்டும். நடக்க, உட்கார விட வேண்டும். தேவையில்லாமல் கிழிக்கக் கூடாது. திட்டக் கூடாது. குழந்தை பிறந்ததும் என் மேலே போட வேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்றுகூட ஆஸ்பத்திரியில் கொடுக்க முடியாதது இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒன்றை வீட்டில் எந்தப் பணத்தாலும் கொண்டுவர முடியாது. இரண்டாம் முறை போனபோது அதைத்தான் பேசினோம்.

குழந்தை பிறந்த பிறகு வரும் ஒரு மணி நேரம்

பிரசவம் என்றால் குழந்தை வெளியே வருவதோடு முடிந்தது என்று பலரும் நினைக்கிறோம். தாயின் உயிருக்கு ஆபத்து அதிகமான நேரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நம் உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். குழந்தை பிறந்த பின் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து கழன்று வருகிறது. கழன்ற இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அப்போது கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால் அதன் தசை அந்தக் குழாய்களை நெரித்து மூடிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பைப்பை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கிறதல்லவா, அதே மாதிரி.

பெரும்பாலான பெண்களுக்கு இது தானாகவே நடந்துவிடும். வீட்டில் பெற்றும் நன்றாக இருப்பவர்கள் பலர் இருப்பது இதனால்தான். மொபைலில் வீடியோ போடுகிறவர்களும் அவர்கள்தான். ஆனால் சிலருக்குக் கர்ப்பப்பை சோர்ந்துபோய் இறுகாமல் இருந்துவிடும், அல்லது நஞ்சில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும். அப்போது திறந்த குழாய் மூடாது. ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு மேல் இரத்தம் போனாலே ஆபத்துக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது கடுமையான போக்காக மாறினால் உயிர் போக 2 மணி நேரம் போதும்.

"யாருக்கு அப்படி வரும்னு முன்னாடியே தெரியாதா மேடம்?" என்று பையன் கேட்டார். நல்ல கேள்வி. இரட்டைக் குழந்தை, நிறையப் பிரசவம், முன்பு இரத்தப்போக்கு வந்தவர்கள் என்று சிலரைச் சொல்லலாம். ஆனால் இந்த மாதிரி எந்தக் காரணமும் இல்லாத, எல்லாச் சோதனையும் நன்றாக இருந்த பெண்களுக்கும் வருகிறது. கொழுகொழு என்று இருந்தவளுக்கும் வரும். இதில் இரத்த சோகை வேறு. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரத்தம் குறைவாக இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. பானையில் இருப்பதே கொஞ்சம், அதில் ஓட்டையும் விழுந்தால்?

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? குழந்தை பிறந்த உடனே, அநேகமாக ஒரு நிமிடத்துக்குள், தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் என்ற ஊசி 10 யூனிட் போடுகிறார்கள். கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஊசி இது. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டிய மருந்து. அப்படியும் நிற்காவிட்டால் அடுத்த மருந்து, டிரிப், கை விட்டு நஞ்சை எடுப்பது, இரத்தம் ஏற்றுவது என்று படிப்படியாகப் போவார்கள். ஒவ்வொரு படியும் நிமிடக் கணக்குதான்.

இதே ஊசியை வலி வருவதற்காகக் குழந்தை பிறக்கும் முன்பே வீட்டில் வைத்துப் போடும் கம்பவுண்டர்கள் முன்பெல்லாம் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். 'வலி ஊசி' என்பார்கள். அதைப் போட்டுக் கர்ப்பப்பையே கிழிந்துபோவது உண்டு. யாராவது இன்னும் அப்படிப் போடுவதாகத் தெரிந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயதுள்ள ஒரு ஆசிரியை, யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் செய்துகொண்டு, அதிக இரத்தப்போக்கால் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. படித்தவர், டவுனில் இருந்தவர். ஆஸ்பத்திரி தூரமில்லை. 2024 நவம்பரில் சென்னைப் பக்கம் குன்றத்தூரில் ஒரு தம்பதி, வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுக் கேட்டு வீட்டிலேயே மூன்றாவது குழந்தையைப் பெற்றார்கள். தாயும் சேயும் நலம். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் 1,000 பேருக்கு மேல் இருந்தார்களாம். நன்றாக நடந்த கதை குரூப்பில் ஓடும். திருப்பூர் பெண் தன் கதையைச் சொல்ல இல்லையே.

இதைச் சொன்னபோது பையன் எதுவும் பேசவில்லை. அந்தத் தெருவைத் தனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

பாட்டி காலமும் வெளிநாடும்

'நாங்கல்லாம் வீட்லதானே பெத்தோம்' என்ற அந்த வயதான உறுப்பினரையே ஒரு நாள் கூட அழைத்துப் போனோம். அவரிடம், "எத்தனை பெத்தீங்க ஆத்தா?" என்று கேட்டோம். "ஒம்பது." "எத்தனை இருக்கு?" "ஆறு." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "ரெண்டு பொறக்கும்போதே போச்சு. ஒண்ணு ஏழாம் நாள் வாய் கிட்டிச்சுப் போச்சு. எங்கூடப் பொறந்தவ நஞ்சு விழாம செத்தா. வண்டி கட்டிட்டு வர்றதுக்குள்ள." இத்தனை வருஷம் பழகியும் இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை.

ஏழாம் நாள் வாய் கிட்டிப் போனது தனுர்வாயு, அதாவது ரண ஜன்னி. தொப்புள்கொடியை அறுத்த அரிவாளிலிருந்தோ, மேலே வைத்த சாம்பல், சாணியிலிருந்தோ வருவது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகு, 2015ல்தான் இந்தியாவில் தாய்-சேய் தனுர்வாயு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இந்தியாவில் 1 லட்சம் பிரசவத்துக்கு 1997-98ல் 398 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 97. தமிழ்நாட்டில் 54. இந்தக் கணக்கில் குறைந்தவர்கள் எல்லாம் அந்த ஆத்தாவின் தங்கை மாதிரிப் பெண்கள்.

பழைய மருத்துவச்சிகளை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கூடவே உட்கார்ந்து, முதுகைத் தேய்த்து, தைரியம் சொல்லி, அவசரப்படாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். ஆஸ்பத்திரிகள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்கள் கையில் அந்த ஊசியும் இரத்தமும் இல்லை, அவ்வளவுதான்.

'வெளிநாட்டுல எல்லாரும் வீட்லதான் பெத்துக்கறாங்க' என்று மொபைல் வகுப்பில் சொன்னார்களாம். எல்லோரும் இல்லை. இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் உண்டு. ஆனால் அங்கே படித்துப் பதிவு செய்த மகப்பேறு செவிலியர்கள் ஊசி, மருந்து, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி எல்லாவற்றோடும் வீட்டுக்கு வருகிறார்கள். எந்தச் சிக்கலும் இல்லாத பெண்களுக்குத்தான் வீடு. 2011ல் வெளிவந்த அந்த நாட்டு ஆய்வில், தலைப்பிரசவத்தை வீட்டில் ஆரம்பித்த 100 பேரில் 45 பேரை நடுவிலோ பிரசவம் முடிந்த உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. தலைப்பிள்ளைகளுக்கு ஆபத்தும் ஆஸ்பத்திரியைவிட வீட்டில் அதிகமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்கு அந்த வித்தியாசம் இல்லை. அத்தனை ஏற்பாட்டோடு நடப்பதும், ரப்பர் தொட்டியும் மொபைலும் வைத்து நடப்பதும் ஒன்றாகுமா?

வெந்நீர் வலியைக் குறைக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தொட்டி வேண்டாம். வலி லேசாக ஆரம்பிக்கும்போது இடுப்பில் இதமான வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம், நம் அம்மாக்கள் செய்ததுதான். தொட்டித் தண்ணீருக்குள் உட்கார்ந்து பெற்றால் எவ்வளவு இரத்தம் போகிறது என்று பழக்கமில்லாதவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்கலாம்?

இது பல உறுப்பினர்களுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2018ல் பிரசவ அறையில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று 56 பரிந்துரைகள் வெளியிட்டது. அந்தப் பெண் காகிதத்தில் எழுதிய ஐந்தும் அதில் இருக்கின்றன. தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நடக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். தண்ணீர், சாப்பாடு எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் வழக்கமாகக் கிழிக்கக் கூடாது. வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளக் கூடாது. எனிமா கொடுப்பதும் மழிப்பதும் எல்லோருக்கும் தேவையில்லை. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்துத்தான் கட்ட வேண்டும், அந்த நேரத்தில் நஞ்சிலிருக்கும் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும் வரை பிரசவம் மெதுவாகவே போகலாம், மணிக்கு 1 செ.மீ. என்று கணக்குப் பார்த்து அவசரப்படுத்தக் கூடாது. இது நமக்கு ஏன் முக்கியம்? பொய் வலியிலேயே ஓடிப்போய்ப் படுத்துவிட்டால், 'இன்னும் ஆகலையே' என்று மருந்து, டிரிப் என ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு. தலைப்பிரசவமாக இருந்து, எந்தச் சிக்கலும் இல்லாமல், ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால், ஆரம்ப வலியை வீட்டில் நடந்தபடி, கஞ்சி குடித்தபடி தாங்கலாம். நர்ஸம்மாவுக்கு போன் செய்து சொல்லிவிட்டு! 5 நிமிடத்துக்கு ஒரு தரம், ஒரு நிமிடம் நிற்கிற மாதிரி வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்ப வேண்டும். இரண்டாவது பிரசவம் வேகமாக ஆகும், காத்திருக்கக் கூடாது. மலைக் கிராமம், மழைக்கு ரோடு துண்டிக்கிற ஊர் என்றால் தேதிக்கு முன்பே போய்விடுவது நல்லது.

துணைக்கு ஆள் விஷயத்தில், தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் முறை 2000களிலேயே வந்துவிட்டது. நடைமுறையில் சில இடத்தில் விடுகிறார்கள், சில இடத்தில் விரட்டுகிறார்கள். வலி வந்த பிறகு வாசலில் நின்று சண்டை போட்டால் நடக்காது. முன்கூட்டியே பேச வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை பார்ப்பார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மாமியாரோ அம்மாவோ கூடப் போய், பிரசவ அறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்ஸிடம், "நான்தான் துணைக்கு வருவேன், இவ நடக்கணும்னு ஆசைப்படறா" என்று மரியாதையாகச் சொல்லி வையுங்கள். முகம் தெரிந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஒரே இரவில் நாலு பிரசவம் பார்க்கிற நர்ஸுகளும் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

எல்லோருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போதாது. முன்பே ஆபரேஷன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, குழந்தை குறுக்கே இருப்பது, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மிகக் குறைவு, இவர்களை 24 மணி நேரமும் ஆபரேஷனும் இரத்தமும் உள்ள சீமாங் மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஆபரேஷன் என்று சொன்னால் 'ஏன்?' என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காரணம் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். வேண்டிய நேரத்தில் செய்கிற சிசேரியன் உயிரைக் காப்பாற்றுகிறது.

தம்பதி என்ன தயாரிப்பு செய்தார்கள்?

மூன்றாம் முறை போனபோது அந்த மொபைல் வகுப்புக்குப் பதிலாக நாங்களே ஒரு வகுப்பு நடத்தினோம் என்று வையுங்கள். கிராம சுகாதார செவிலியரும் வந்தார். பையன் நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார்.

முதலில் கர்ப்பிணி அட்டையை விரித்து அதிலிருக்கும் எண்களைக் கணவனுக்குப் படித்துக் காட்டினோம். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் இரத்த சோகை. அந்தப் பெண்ணுக்கு 9.2. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது என்று அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்! இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார் நர்ஸம்மா. டீ, காபியோடு போட்டால் சத்து சேராது. தினம் இரவு 9 மணிக்குத் திருப்பூரிலிருந்து போன் செய்து மாத்திரை போட்டாயா என்று கேட்பது பையன் வேலை. இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அலட்சியம் கூடாது. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, வலிப்பு, கொஞ்சமாக இருந்தாலும் இரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, குழந்தை துடிப்பு குறைவது, காய்ச்சல் என்றால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபின், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தாலும் அதேதான்.

அடுத்து வண்டி. 108 வந்துவிடும் என்று மட்டும் நம்பி இருக்காமல், ஊரில் கார் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் சொல்லி, எண்ணைச் சுவரில் எழுதி வைத்தார்கள். இரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க நான்கு பேர். பையன் தன் கம்பெனி நண்பர்கள் பெயரையும் இரத்த வகையையும் எழுதினார். 'நடுராத்திரி அவர் இல்லாம நாங்க எப்படி முடிவு எடுக்கறது?' என்று மாமியார் கேட்டார். அதற்குத்தான் முன்னாடியே பேசி வைப்பது. வலி வந்தால் யார் அனுமதிக்காகவும் காத்திருக்காமல் கிளம்புவது என்று மகனே தாயிடம் சொன்னார்.

பணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். 2011ல் வந்த தாய் சேய் நலத் திட்டப்படி வீட்டில் கொண்டுவந்து விடுவதும் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு ரூ.18,000 மதிப்புள்ள உதவி உண்டு. ரூ.14,000 பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். பதிவையும் வங்கிக் கணக்கையும் நர்ஸம்மாவிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வார்டில் யாராவது 'ஆண் குழந்தை, கவனிங்க' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழையும் மறக்க வேண்டாம். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமே அந்தச் சான்றிதழ்தான். பள்ளியில் சேர்க்க அதுவே வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பிறந்தால் வீட்டுப் பெரியவர் 21 நாளுக்குள் போய்ப் பதிவு செய்ய வேண்டும், விட்டால் அலைச்சல்தான்.

ஆவணிக் கூட்டத்தில் அந்த ரூ.12,000 விண்ணப்பத்தை அந்த அக்காவே வாபஸ் வாங்கினார். பதிலாக, அவசர வண்டிச் செலவுக்கு ரூ.3,000 ஊக்குநர் கையில் தனியாக வைப்பது, வலி வரும் நாளில் எந்த நேரமானாலும் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு வலி வந்தது. காலை வரை வீட்டில் நடந்துகொண்டிருந்துவிட்டு, பிறகு கிளம்பினார்கள். மதியம் 2 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை, 2 கிலோ 900. அப்போது ஹீமோகுளோபின் 10.8. மாமியார் கடைசி வரை பக்கத்திலேயே நின்றார், முதுகைத் தேய்த்துவிட்டார். நடக்க விட்டார்கள். கொடியைக் கொஞ்சம் பொறுத்துக் கட்டச் சொல்லிக் கேட்டதற்கு, "நாங்க இப்ப அப்படித்தாம்மா பண்றோம்" என்றாராம் நர்ஸ். கிழிக்கவில்லை, லேசாகத் தானே கிழிந்ததற்கு இரண்டு தையல்.

எல்லாம் கேட்டபடி நடந்துவிடவில்லை. பெற்றது மல்லாந்து படுத்துத்தான். பையன் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து 12 மணிக்கே வந்துவிட்டார், ஆனால் ஆண்களை உள்ளே விடுவதில்லை என்று வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். அவருக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. பிரசவ அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பெண்கள், நடுவில் மறைப்புத் துணி இல்லை. ஒரு மறைப்பு இருந்தால் கணவரையும் விடலாமே என்று அவர் கேட்பது நியாயம்தான். அதை எழுத்தில் வாங்கியிருக்கிறோம். தை மாதம் நடக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் நம் கூட்டமைப்புத் தலைவி அதை வைக்கப் போகிறார். உங்கள் ஊரிலும் இந்த மாதிரிக் குறை இருந்தால் அதற்குள் ஊக்குநரிடம் எழுதிக் கொடுங்கள்.

வண்டிக்கு ரூ.900 ஆனது. மீதி ரூ.2,100ஐ மார்கழிக் கூட்டத்தில் அந்த அக்கா திருப்பிக் கட்டிவிட்டார். இப்போது அதே பணம், அதே குழுவில் ஏழாம் மாதத்தில் இருக்கும் இன்னொரு உறுப்பினரின் பெயரில் ஊக்குநரிடம் இருக்கிறது.